ஒரு பெயரில் இரண்டு பேர் ரத்தம்

என் வயிற்றில் இரண்டு கீறல் உண்டு. முதலாவது எனக்குத் தேவைப்பட்டது. இரண்டாவது என் மச்சான் வடிவேலுவின் வயிற்றில் விழுந்திருக்க வேண்டியது. அவர் வயிறு கடைசி வரை வழவழவென்றே இருந்தது.

அது எப்படி நேர்ந்தது என்பதை வரிசையாக எழுதுகிறேன். தோட்டத்துப் பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் ரொட்டி சுற்றி வந்த பேப்பர்தான். எழுத்தில் குறை இருக்கும். நடந்ததில் எதையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

நான் ஓர் இடத்தில் ஆறு மாதம் சேர்ந்தாற்போல் இருந்தவன் இல்லை. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். மெர்சிங்கிலிருந்து மீன் லாரியில் கிளீனராகப் போனேன். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மெர்டேக்கா அன்று ஒரு சரக்குப் படகில் வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தேன். பிரஜா உரிமைக்கு எழுதிக்கொடுக்கச் சொல்லி ஊர் ஊராகக் கூப்பிட்ட காலத்தில், கிளந்தானில் பாலம் கட்டும் இடத்தில் கல் சுமந்துகொண்டிருந்தேன். எழுதிக்கொடுக்கவில்லை. பிறந்தது இந்தியா; மூன்று வயதில் அக்கா இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளை நான். ஆகவே என் கையில் இருந்தது சிவப்பு ஐசி, அந்நியனுக்குக் கொடுக்கும் அடையாள அட்டை. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, சிவப்பு ஐசிக்காரன் வேலை செய்ய பர்மிட் எடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. என்னோடு மூட்டை தூக்கிய பலர், பேர் மட்டும் தெரிந்த ஊர்களுக்குக் கப்பலேறினார்கள். நான் பர்மிட்டும் எடுக்கவில்லை, கப்பலும் ஏறவில்லை. சீருடை போட்ட யாரைக் கண்டாலும் ரோட்டின் அந்தப் பக்கம் மாறி நடந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் காவலாளியும் எனக்குச் சீருடைதான்.

அக்கா செல்லம்மா மலாக்காவில் காஜா பேராங்கில், செட்டிகள் குடியிருக்கும் கம்போங் கிராமத்தை ஒட்டி, ஒரு செட்டி வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தாள். அந்தச் செட்டிகள் நம்மைப் போல விபூதி பூசுவார்கள், அம்மனுக்குப் பொங்கலிடுவார்கள், வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். பல தலைமுறைக்கு முன்னால் வந்தவர்கள். வீட்டுக்கார அம்மாளை நாங்கள் பீபி என்று கூப்பிடுவோம். அக்காவின் புருஷன் வடிவேலு புட்டு மாயம் விற்பவர். விடியலில் அக்கா பிழிந்து அவித்த இடியாப்பத்தைக் கூடையில் அடுக்கி, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் தனி டப்பாவில் வைத்து, சைக்கிளில் ஹார்ன் அமுக்கிக்கொண்டே உஜோங் பாசிர் வரை போய் வருவார். இந்த மண்ணில் பிறந்தவர். குடிமகனுக்குக் கொடுக்கும் நீல ஐசி. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நான்தான் பிள்ளை மாதிரி, எப்போதாவது வருவேன், தின்பேன், போய்விடுவேன்.

எனக்கு வெளிக்குப் போகும்போது ரத்தம் போக ஆரம்பித்தது. மூலம் என்று நினைத்தேன். லாரியில் உட்கார்ந்தே பிழைப்பவனுக்கு மூலம் வராமல் என்ன வரும். மூவாரில் ஒரு சீன மருந்துக் கடையில் பொட்டலம் வாங்கி ஒரு வருஷம் தின்றேன். அப்புறம் வயிறு இரண்டு நாள் அடைத்துக்கொள்ளும், மூன்றாம் நாள் தண்ணீராய்ப் போகும். காற்சட்டை இடுப்பில் நிற்காமல் போனபோது அக்கா வீட்டுக்கு வந்தேன். பீபி என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய், ஒரு கிண்ணம் கஞ்சியோடு திரும்பி வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அக்கா கேட்டாள்.

"ஏன்டா இப்படி ஆயிட்ட? பசியாறுறியா இல்லியா?"

"பசியாறுறேன்க்கா. உள்ள நிக்க மாட்டேங்குது."

"ஆஸ்பத்திரிக்குப் போ."

"போனா ஐசி கேப்பான். ஐசிய பாத்தா பர்மிட் கேப்பான். அப்புறம் நேரா கப்பல்தான்."

மச்சான் சட்டைப் பையிலிருந்து தன் ஐசியை எடுத்து மேசைமேல் வைத்தார். "இத கொண்டு போ மாப்ள. இந்தப் படத்துல நானே என்னை மாதிரி இல்ல. உன்னை மாதிரி இருந்துட்டுப் போவுது."

"மாட்டுனா?" என்றாள் அக்கா.

"மாட்டுனா ரெண்டு பேரும் ஒரே லாக்கப்லா. பேச்சுத் துணைக்கு ஆள் ஆச்சு."

அவ்வளவு சுலபமாக நடந்தது. அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனால் நோய் அந்தப் பத்து வயதை என் முகத்தில் எழுதியிருந்தது. மேட்டின்மேல் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் அட்டையை நீட்டினேன். கவுன்டரில் இருந்தவர் எண்ணைப் பார்த்து எழுதினார், முகத்தைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து நான் வடிவேலு. முதல் நாள் நர்ஸ் மூன்று முறை அந்தப் பெயரைக் கூப்பிட்டும் நான் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தேன். பக்கத்தில் இருந்த மச்சான்தான் பழக்கத்தில் "யா" என்று எழுந்துவிட்டார். பிறகு என்னை இடித்து எழுப்பினார்.

சோதனைகளைச் சொல்கிறேன், இனிமேல் போகிறவர்களுக்கு உதவும். முதலில் பின்பக்கமாக ஓர் இரும்புக் குழாயை விட்டு, விளக்கு வைத்து உள்ளே பார்த்தார்கள். முழங்காலும் முழங்கையும் ஊன்றி மாடு மாதிரி நிற்க வேண்டும். நான்கு பேர் சுற்றி நிற்பார்கள், ஒருவர் வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். அடுத்தது, சுண்ணாம்புக் கரைசல் போன்ற வெள்ளைத் தண்ணீரைப் பின்பக்கமாகவே ஏற்றி எக்ஸ்ரே எடுப்பது. படத்தில் குடல் வெள்ளையாகத் தெரியும். என் படத்தில் இடது பக்கம் ஓரிடத்தில் வெள்ளை மெலிந்து, கடித்து எறிந்த ஆப்பிள் நடுத்தண்டு போல இருந்தது.

டாக்டர் இளவயதுக்காரர். தமிழர். வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"வடிவேலு, இது மூலம் இல்ல. குடல்ல புத்து. வெட்டி எடுக்கணும்."

"எவ்வளவு குடல் டாக்டர்?"

"ஒரு முழம் போகும். மிச்சம் உங்களுக்குப் போதும்."

அன்றைக்குத்தான் ஒரு ரத்தத்தைத் தனியாக எடுத்தார்கள். அது ஐஸ் பெட்டியில் சிங்கப்பூருக்குப் போகும் என்றார். இங்கே அதற்கு இயந்திரம் இல்லை. என்ன ரத்தம் என்று கேட்டேன். படித்தவர்கள் எல்லோரும் இப்படிப் பொறுமையாகச் சொல்வதில்லை, அவர் சொன்னார். குழந்தை தாய் வயிற்றில் இருக்கும்போது அதன் குடலில் ஒரு பொருள் உண்டாகும். பிறந்த பிறகு அது ஏறக்குறைய நின்றுவிடும். பெரியவனாகிக் குடலில் புற்று வந்தால், சில பேருக்கு அது மறுபடி சுரந்து ரத்தத்தில் கலக்கும். சிஈஏ என்று அதற்குப் பெயர். எவ்வளவு கலந்திருக்கிறது என்று ஒரு எண் வரும். இரண்டு, இரண்டரைக்குள் இருந்தால் பயமில்லை.

"அப்ப இந்த ரத்தத்தப் பாத்தே எல்லாருக்கும் இருக்கா இல்லியான்னு சொல்லிடலாமே."

"முடியாது. பீடி குடிக்கிறவனுக்கும் கொஞ்சம் ஏறும். ஈரல் கெட்டாலும் ஏறும். புத்து இருந்தும் சிலருக்கு ஏறாது. ஆனா உங்கள மாதிரி வெட்டி எடுக்கப்போற ஆளுக்கு, அது திரும்பி வருதான்னு காவல் பாக்க நல்லது. வெட்டுனா எண் எறங்கணும். எறங்குன எண் மறுபடி ஏறுனா, எங்கேயோ முளைக்குதுன்னு அர்த்தம்."

என் முதல் எண் இருபத்தெட்டு.

அறுவையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, தூங்கிவிட்டேன். எழுந்தபோது மூக்கில் ஒரு குழாய், குறியில் ஒரு குழாய், வயிற்றுப் பக்கத்தில் ஒரு குழாய். எனக்குச் சொந்தமாக இருந்த ஓட்டை வாய் ஒன்றுதான், அதிலும் தண்ணீர் விடக்கூடாது என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். உதட்டை ஈரத் துணியால் துடைப்பார்கள். நான் துணியைக் கடித்து உறிஞ்சுவேன், நர்ஸ் பிடுங்கிக்கொள்வார். தினமும் காலையில் டாக்டர் வந்து ஒரே கேள்விதான் கேட்பார்: காற்று போச்சா? வெட்டி ஒட்டிய குடல் வேலை செய்ய ஆரம்பித்தால் காற்று பிரியும், அப்போதுதான் சாப்பாடு. பக்கத்துக் கட்டிலில் இருந்த சீனக் கிழவருக்கு என்னோடு ஒரே நாளில் அறுவை. அவர் நான்காம் நாள் முந்திவிட்டார். வார்டே சிரித்தது. எனக்கு ஐந்தாம் நாள். மச்சான் கட்டிலைச் சுற்றி நடந்து, "இனிமே எவனாவது உன்னைத் திட்டட்டும், ஆஸ்பத்திரியே காத்துக் கெடந்த சாமான்லா இது" என்றார். சிரிக்கக்கூடாது, தையல் பிரியும் என்று நர்ஸ் அவரை வெளியே அனுப்பினார்.

அக்கா கஞ்சி கொண்டுவருவாள். மச்சான் புட்டு மாயம் விற்று முடித்து, காலிக் கூடையோடு சைக்கிளை மேட்டில் மிதித்து வருவார். மிஞ்சிய சர்க்கரையை நர்ஸுகளுக்குக் கொடுப்பார். அவர்கள் எனக்குச் செய்ததில் ஒரு கணமும் சலிப்புக் காட்டியதில்லை. அதை இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் அவர்களுக்கு நான் திருப்பிச் செய்தது என்னவென்று இனிமேல் வரும்.

இரண்டு மாதம் கழித்து எடுத்த ரத்தத்தில் எண் ஒன்றரை. நாலாம் மாதமும் ஏறக்குறைய அதே. டாக்டர் கை குலுக்கினார். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடுத்தால் போதும், தன்னைப் பார்க்க வேண்டியதில்லை, கீழே ரத்த அறையில் சீட்டைக் காட்டிக் கையை நீட்டிவிட்டுப் போகலாம், எண் ஏறினால் கடிதம் வரும் என்றார். ஐந்தாம் மாதம் ஊர் சுற்றக் கால் அரித்தது. ஒரு மீன் லாரிக்கு ஆள் தேவை என்றார்கள். அக்கா தூங்கி எழுவதற்குள் கிளம்பிவிட்டேன். மச்சானின் ஐசியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனேன். அதை மட்டும் ஒழுங்காகச் செய்தேன்.

ஆறாம் மாதம் ரத்தம் கொடுக்க யாரும் போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. பீபிதான் படித்துச் சொன்னாள். மலாயில், "கடிதம் உன் புருஷனைக் கூப்பிடுகிறது. வரவில்லையே, வந்து ரத்தம் கொடு என்கிறது" என்றாள். என்னைத் தேடி எங்கே ஆள் அனுப்புவது என்று அக்காவுக்குத் தெரியாது. போகாவிட்டால் ஆஸ்பத்திரிக்காரர்கள் வீட்டுக்கு வருவார்கள், வந்தால் வடிவேலு யார் என்று கேட்பார்கள், ஐசி விஷயம் வெளிவரும், புருஷனைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று பயந்தாள். ஒரு ராத்திரி யோசித்துவிட்டு அவரிடம் சொன்னாள்: "பேரு உங்க பேரு. ஐசி உங்க ஐசி. நீங்களே போயி கைய நீட்டிட்டு வந்துடுங்க. ரத்தம்தானே."

அவர் போனார். புட்டு மாயக் கூடையை ரத்த அறை வாசலில் வைத்துவிட்டுக் கையை நீட்டினார். உள்ளே இருந்தவர் பார்த்தது சீட்டையும் நரம்பையும்தான். தன்னைப் பற்றி அந்த ரத்தம் ஏதாவது சொல்லும் என்று அவருக்கும் தோன்றவில்லை, அக்காவுக்கும் தோன்றவில்லை. அது என் நோய்க்கான சோதனை, அவர் எனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடப் போனவர் மாதிரி. அப்படித்தான் நினைத்தார்கள்.

எண் ஒன்பது என்று கடிதம் வந்தது. ஒரு மாதம் கழித்து மறுபடி கொடுக்கச் சொன்னது. மறுபடியும் அவரே போனார். இந்த முறை பதினேழு. உடனே துணிமணியோடு வந்து வார்டில் சேரவும் என்று மூன்றாவது கடிதம்.

அந்த வாரத்தில்தான் நான் திரும்பி வந்தேன். எனக்கும் வயிற்றில் வலி வந்திருந்தது. சாப்பிட்டால் சுருட்டிப் பிடிக்கும். அக்கா மூன்று கடிதத்தையும் மேசையில் வரிசையாக வைத்து, நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

"அப்ப அது மச்சான் ரத்தமாக்கா?"

"ஆமா."

"மச்சானுக்கு எப்படி என் நம்பர் வரும்?"

மச்சான் பீடியைப் பற்றவைத்தபடி, "உன் சீக்கு என் ஐசில ஒட்டிக்கிச்சு போலருக்கு மாப்ள" என்றார். மூவரும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பைப் பற்றிப் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். நாங்கள் முட்டாள்கள் இல்லை. ஒருவன் ரத்தம் இன்னொருவன் நோயைச் சொல்லாது என்று மூன்று பேருக்கும் தெரியும். சிங்கப்பூரில் எங்கேயோ சீட்டு மாறியிருக்கும் என்றாள் அக்கா. பழைய எண்ணைப் பார்த்துப் புதிய எண்ணைப் போடுகிறார்கள் என்றார் மச்சான். எனக்கு வலித்தது. அதனால் எப்படி வந்திருந்தாலும் அந்த எண் என்னுடையது என்று எடுத்துக்கொண்டேன். நோயாளிக்கு எல்லாம் தன்னைப் பற்றியதாகத்தான் தெரியும். எதிரில் பீடி புகைத்துக்கொண்டிருந்த மனிதரின் பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டை ஒன்று இருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு என் வயிற்றைத் தடவிக்கொண்டேன்.

டாக்டரிடம் உண்மையைச் சொன்னால் மச்சானுக்குச் சிறை என்று நம்பினோம். எனவே மறுபடியும் வடிவேலுவாகப் போய்ப் படுத்தேன். டாக்டர் என் வயிற்றை அழுத்தினார், வலித்தது. எண் ஏறுகிறது, வலியும் இருக்கிறது, திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார். வெளிநாட்டில் இப்படித்தான் செய்கிறார்கள், சீக்கிரம் கண்டுபிடித்தால் மிச்சத்தையும் வெட்டிவிடலாம் என்றார். அன்றைக்கு என் கையிலிருந்தும் ஒரு ரத்தம் எடுத்துச் சிங்கப்பூருக்கு அனுப்பினார். அது வந்துசேர மூன்று வாரம் ஆகும். அவர் காத்திருக்க விரும்பவில்லை.

பழைய கீறலுக்குப் பக்கத்திலேயே இரண்டாவது கீறல். உள்ளே புற்று இல்லை. முதல் அறுவையின் தழும்பில் குடல் கயிறு கயிறாக ஒட்டிக் கிடந்திருக்கிறது, வலி அதனால். ஒட்டியதைப் பிரித்துவிட்டு மூடினார்கள். ஈரலைக் கையால் தடவிப் பார்த்தாராம், மொழுமொழுவென்று இருந்ததாம். நல்ல செய்திதான். ஆனால் டாக்டர் முகத்தில் சந்தோஷம் இல்லை. பிறகு என் புண் பழுத்தது. தையலைத் திறந்துவிட்டு, தினமும் துணியைத் திணித்துத் திணித்து எடுத்தார்கள். புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரெஸர் துணியை உருவும்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். ஐந்து வாரம் கிடந்தேன்.

மச்சான் தினமும் வந்தார். இப்போது மேட்டில் சைக்கிளை மிதிக்கவில்லை, தள்ளிக்கொண்டு வந்தார். என் கட்டிலில் இருந்து ஜன்னல் வழியாக அந்த ரோடு தெரியும். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவார்.

"மெலிஞ்சிட்டீங்க மச்சான்."

"உன்னைப் பாக்க மேடு ஏறி ஏறிதான். சீக்கிரம் எந்திரிச்சு வா, நான் குண்டாயிடுவேன்."

எனக்கு அவர் கொண்டுவந்த சூப்பைக் குடித்தேன். அவருக்கு ஒரு வாய் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இப்போதெல்லாம் இறைச்சி வாசம் பிடிப்பதில்லை என்றார். இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் தன் நோயைச் சொல்ல முடியாது. எனக்கே முந்தின வருஷம் அப்படித்தான் இருந்தது. நான் மிச்சச் சூப்பையும் குடித்தேன்.

அறுவைக்கு முன் எடுத்த என் ரத்தத்தின் எண் வந்தது. ஒன்றரைக்கும் கீழே. ஒன்றையும் வெட்டி எடுக்காமல் பதினேழு எப்படி ஒன்றரை ஆகும்? சீட்டுதான் மாறியிருக்க வேண்டும், எங்கள் பக்கத்துத் தவறு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். அவர் மன்னிப்புக் கேட்டபோது நான் சரி என்று தலையாட்டினேன். அக்கா பக்கத்தில் நின்று தரையைப் பார்த்தாள். அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. நான் வீட்டுக்கு வந்தேன்.

மூன்று மாதம் போயிற்று. ஒரு நாள் காலை உஜோங் பாசிரில், ஹார்னில் கை வைத்தபடியே மச்சான் சைக்கிளோடு சாய்ந்தார். அவரிடம் வாடிக்கையாக வாங்கும் வீட்டுக்காரர்களே தங்கள் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சட்டைப் பையில் ஐசி இருந்தது. எண்ணைப் பார்த்துப் பழைய கோப்பை எடுத்தார்கள். குடல் புற்று, இரண்டு அறுவை என்று கோப்பு சொன்னது. வார்டுக்கு அதே டாக்டர் வந்தார். கட்டிலில் கிடந்தவர் முகத்தைப் பார்த்தார். பிறகு சட்டையைத் தூக்கினார்.

நானும் அக்காவும் போய்ச் சேர்ந்தபோது, அவர் இன்னும் அந்தச் சட்டையின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். கையை நீட்டி என் சட்டையையும் தூக்கினார்.

"நீங்க யாரு?" என்றார்.

அக்கா காலில் விழுந்தாள். அவர் விலகி நின்று, எழுந்திருக்கச் சொல்லி, கதவைச் சாத்தச் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னோம். அவர் ஐசியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோப்பைத் திறந்து, சிங்கப்பூர்ச் சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கட்டிலின்மேல் போட்டார்.

"இது யாரோடது?"

"என்னோடது."

"இது?"

"அதுவும் நான்தான்."

"இந்த ஒன்பது?"

மச்சான் கட்டிலில் இருந்தபடியே, "அது நான் டாக்டர். பதினேழும் நான்" என்றார். கண் வெள்ளை மஞ்சளாக இருந்தது. தப்பு செய்த பையன் வாத்தியார் முன்னால் ஒத்துக்கொள்வது போல, மெதுவாகக் கை தூக்கினார்.

டாக்டர் சீட்டுகளை இரண்டு அடுக்காகப் பிரித்தார். ஒரு அடுக்கு முதலில் உயரமாக ஆரம்பித்து இறங்கி, இறங்கியே இருந்தது. இன்னொன்றில் இரண்டே சீட்டு. வெகுநேரம் அந்த இரண்டையும் பார்த்தார். ஒன்பதை மட்டும் தனியாகப் பார்த்திருந்தால், பீடியை நிறுத்திவிட்டு ஒரு மாதம் கழித்து வா என்றிருப்பேன் என்றார். பதினேழைப் பார்த்திருந்தால் வயிற்றைத் தேடியிருப்பேன் என்றார். ஆனால் அவர் தேடியது என் வயிற்றை.

அப்புறம் சோதனைகள் வேகமாக நடந்தன. மச்சானுக்கு வலது பக்கத்துக் குடலில் புற்று. அந்தப் பக்கம் குடல் அகலம், அடைக்காது, ரத்தம் கண்ணுக்குத் தெரியாமல் கசியும், ஆள் வெளுத்துக்கொண்டே போவான், அவ்வளவுதான் வெளியே தெரியும். அது ஈரல் முழுவதும் பரவியிருந்தது. வெட்ட ஒன்றுமில்லை.

நான் டாக்டரை வராந்தாவில் நிறுத்திக் கேட்டேன். "அன்னைக்கே தெரிஞ்சிருந்தா பொழைச்சிருப்பாரா?"

"தெரியாது."

"டாக்டர், எனக்காகச் சும்மா சொல்லாதீங்க."

"உங்களுக்காக நான் ஏன் சும்மா சொல்லணும்? நெஜமாவே தெரியாது. அப்பவே ஈரல்ல இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். வெட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும்." கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பினார். "உங்களத் தேவையில்லாம ஒரு தடவ வெட்டியிருக்கேன். அதுக்கு நான் மன்னிப்பு வேற கேட்டேன்."

மச்சான் ஆறு வாரம் இருந்தார். என்னை வைத்திருந்த அதே வார்டு. இப்போது கஞ்சி கொண்டுபோனது நான். அரிப்பு தாங்காமல் உடம்பைச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கினார். அக்கா அவர் கைகளில் துணி சுற்றிவிட்டாள். பீபி ஒரு முறை வந்து, தங்கள் கோயில் விபூதியை நெற்றியில் இட்டுவிட்டு, மலாயில் ஏதோ முணுமுணுத்தாள். மச்சானுக்குப் பேச்சு குறைந்தது, கேலி குறையவில்லை. நான் கால் பிடித்துவிட்டால், "ஏன் மாப்ள, லாரி ஒண்ணும் கெடைக்கலியா?" என்பார். கோபமாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்ப்பேன். தெரியாது. ஒரு நாள் நேரடியாகவே கேட்டுவிட்டேன், என்மேல் கோபமா என்று.

"இருக்கு" என்றார். "செத்தா போயிடும்."

ஒரு வியாழக்கிழமை மத்தியானம், அக்கா தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் போனார்.

எரித்துவிட்டு வந்த அன்று அக்கா அழவில்லை. இடியாப்ப உரலைக் கழுவிக் கவிழ்த்தாள். என் பக்கம் திரும்பாமல், "கடிதாசு ஒன்னையத்தான்டா கூப்புட்டுச்சு. நான்தான் ஆள மாத்தி அனுப்பிட்டேன்" என்றாள். நான் அங்கே இல்லாமல் போனதால்தானே அனுப்பினாய் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாததில்லை.

அந்த வாரம் கிளம்பிவிடலாம் என்று பையைக் கட்டினேன். மெர்சிங் போனால் வேலை கிடைக்கும். டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார்: உன் சொந்தப் பெயரில் கவுன்டரில் பதிந்துகொள், என் பக்கம் இருக்கும் உன் சீட்டுகளை அதில் சேர்த்துவிடுகிறேன், ரத்தம் பார்ப்பதை நிறுத்தாதே என்று. நான் பதியவில்லை. கவுன்டர்ப் பக்கம் போனாலே கால் தானாகத் திரும்பியது. அக்கா என் பையைப் பார்த்தாள். பையைப் பிரித்து, அடியில் துணியில் சுற்றி வைத்திருந்த சிவப்பு ஐசியை எடுத்தாள். செருப்பை மாட்டினாள்.

"வா" என்றாள்.

மேட்டில் அவள்தான் முன்னால் ஏறினாள். கவுன்டரில் எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஓடிவிடுவேன் என்றா, யாராவது வந்து பிடித்துவிடுவார்கள் என்றா, தெரியவில்லை. விரல் பதிந்த இடம் வலித்தது. எங்கள் முறை வந்தது. உள்ளே பதிவெழுதும் ஒரு மலாய்க் கிராணி, கண்ணாடி போட்ட குமாஸ்தா. "ஐசி" என்றார். அக்காவே நீட்டினாள். அவர் அந்தச் சிவப்பு அட்டையை மேசைமேல் வைத்து, எண்ணைப் பார்த்து எழுதினார். பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டார், சொன்னேன். விலாசம் கேட்டார். மதம் கேட்டார். ஒரு முத்திரை குத்தி, அட்டையையும் சீட்டையும் ஒன்றாகத் தள்ளி, பெஞ்சைக் காட்டினார்.

அக்கா நகரவில்லை. கிராணி நிமிர்ந்து பார்த்து, அம்மாவுக்கும் பதிய வேண்டுமா என்று மலாயில் கேட்டார். அவள் தலையாட்டி இல்லை என்றாள். பின்னால் நின்றவன் கொஞ்சம் தள்ளிக்கொள்ளச் சொன்னான். அவளைத் தோளைப் பிடித்து நகர்த்திப் பெஞ்சில் உட்கார வைத்தேன். சீட்டை வாங்கி, எழுத்து தெரியாமலே அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"இவ்வளவுதான் கேப்பாங்களா?"

"ஆமாக்கா."

"வேற ஒண்ணும் கேக்கலியே."

"கேக்கலக்கா."

ரத்த அறையிலிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். அங்கே என் பெயரை யாரும் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் முதலில் எழுந்தாள்.